முழங்கால் தண்ணீர்

திருப்பாலைவனம் தாண்டியதும் ஒரு இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் நாங்கள் போகவேண்டிய ஊர். அங்கே புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்க எம்.எல்.ஏ. வருகிறார் என்று மாலை, மைக், மேளம் எல்லாம் தயாராக இருந்தன. எம்.எல்.ஏ. என் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

“லெஃப்ட்ல திருப்பு நைனா” என்றார்.

“ரைட்டுக்கா.”

“லெஃப்ட்டுனு சொன்னேன்ல?”

திருப்பினேன். கொஞ்ச தூரத்தில் தார் ரோடு மண் ரோடானது. அப்புறம் அதுவும் ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. தப்பான வழி என்பது அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றதை வைத்து நான் கண்டுபிடித்தேன். ஆனால் வண்டியைத் திருப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் முன் சக்கரத்தைத் தொடுகிற வரைக்கும் பேசாமல் வந்தார். இறங்கிப் புடவையை உதறிக்கொண்டு, இதற்காகத்தான் காலையிலேயே கிளம்பி வந்தவர் மாதிரி, “வா, இந்த ஜனத்தப் பாத்துட்டுப் போலாம்” என்றார். பள்ளிக்கூடத்தில் மாலை வாடிப்போனதுதான் மிச்சம்.

அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது. நல்ல வார்த்தையோ கெட்ட வார்த்தையோ, சரியோ தப்போ, சொன்னது சொன்னதுதான். எந்தக் கோபத்திலோ தங்கச்சி வீட்டில் இனிமேல் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பிறகு அக்கா தங்கச்சி இருவரும் ராசியாகி, ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகத் திரிந்தார்கள். அந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதிலிருந்து பந்தி பரிமாறியது வரைக்கும் அக்காதான். ஆனால் மத்தியானம் என் ஜீப்புக்கு வந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டார். “கல்யாணச் சாப்பாடு வாசனையா கீதுல்ல?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே பழைய சோற்றைப் பிசைந்தார்.

நான் அனுப்பம்பட்டுக்காரன். நெல் விளைகிற ஊர். மீன் வாடை எனக்கு ஆகாது. பதவியில் இருந்த காலம் முழுக்க அக்கா என் வண்டியில்தான் போனார். அவர் தொகுதியில் பாதி ஊர் ஏரிக்கரை ஊர். போகிற இடத்திலெல்லாம் அன்பாக ஒரு கூடை இறாலோ நண்டோ பின் சீட்டில் வைத்துவிடுவார்கள். அந்த ஜீப்பை விற்றபோது வாங்கினவன் முகர்ந்து பார்த்துவிட்டு, “இது எம்.எல்.ஏ. வண்டியா, மீன் வண்டியா?” என்றான். எந்தக் கட்சி எம்.எல்.ஏ. என்பதை விட்டுவிடுங்கள். அது இந்தக் கதைக்கு வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் பெரியவர்கள்கூட.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது அவர் எம்.எல்.ஏ. ஆவதற்கு ரொம்ப முன்னால். அப்போது நான் அரிசி மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் மீன் கூடையை ஏற்றமாட்டேன் என்று ஒரு கண்டக்டர் அடம்பிடித்தார். கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி, “உனக்கு மூக்கு கீது, வாய் கீது, மனுசன்ற எண்ணம்தான் இல்ல” என்று சொல்லிவிட்டாள். அவள்தான் அக்கா. மேலதிகாரி வந்து விசாரித்தார். அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிடு, நாளையிலிருந்து எல்லாக் கூடையையும் ஏற்றச் சொல்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. அக்கா கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு நடந்தார். அவர் நடந்தால் மற்றவர்களும் நடக்கவேண்டியதாயிற்று. அவர்கள் பஸ் கண்டக்டரைவிட அக்காவைத்தான் அதிகம் திட்டினார்கள்.

“ஒரு வார்த்த தான, வுட்டுக் குடேன்” என்று ஒருத்தி கெஞ்சியது என் காதில் விழுந்தது.

“நான் சொன்னதுல இன்னா தப்பு?” என்று கூடைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அந்தக் கண்டக்டர் வீடு திருப்பாலைவனத்தில். தெருவழியாகத் தினமும் இத்தனை கூடை போகிறது, அவர் மனைவி கூப்பிட்டால் ஒரு கூடையும் நிற்பதில்லை. ஒரு மாசம் அவர் வீட்டில் குழம்பு கொதித்த வாசனை இல்லை என்று சொல்வார்கள். கடைசியில் அவரே பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி, “ஏறித் தொலைங்க” என்றார். அக்கா ஜெயித்துவிட்டார். ஆனால் நடந்து நடந்து கால் வெடித்த பெண்கள் அதை ஜெயம் என்று சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் பிடிவாதத்துக்கு மற்றவர்கள் கால் வலிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்போதே ஒரு சங்கடம் இருந்தது. அது கடைசி வரைக்கும் போகவில்லை.

சட்டசபையிலும் அப்படித்தான். ஏரியும் கடலும் சேர்கிற முகத்துவாரம் மணல் மேடிட்டுத் தூர்ந்து போகிறது, அதை ஆழப்படுத்துங்கள் என்று அக்கா கேட்டார். எப்போதோ ஆழப்படுத்தியாகிவிட்டது என்று மந்திரி பதில் சொன்னார். அக்கா எழுந்து, “பொய். இன்னிக்குக் காலையில பொடவயத் தூக்கிக்கினு அத நடந்தே தாண்டிட்டு வந்தேன்” என்றார். பொய் என்ற வார்த்தை சபையில் கூடாதாம். திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் சொன்னார். உண்மைக்குப் புறம்பானது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று பக்கத்துச் சீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தாராம். “எங்க ஊர்ல அதுக்குப் பேரு பொய்தான்” என்றாராம் அக்கா. சபைக் காவலர்கள் வந்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

நான் வாசலில் ஜீப்போடு நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் காவலர்களோடு அக்கா நடந்து வருவதைப் பார்த்ததும் ஏதோ கைது என்று நினைத்துவிட்டேன். அவர் வண்டியில் ஏறி, “வா, டிபன் சாப்பிடலாம்” என்றார். மறுநாள் பேப்பரில் வந்தது. வாபஸ் வாங்காத எம்.எல்.ஏ. என்று தொகுதி முழுக்க அதே பேச்சு. டீக்கடையில், படகுத்துறையில், அறுப்புக் களத்தில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், பெருமையாக. மந்திரி பேச்சையே பொய் என்று சொன்ன நம்ம ஊர்ப் பொம்பளை. அக்காவின் பெயர் அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றது.

இப்போது அந்தத் தப்பான ரோட்டுக்கு வருகிறேன். அது போய் முடிந்த இடத்தில் ஒரு இருபது முப்பது ஓலைக் குடிசைகள். வலையோ படகோ இல்லாத ஜனம். ஏரியில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையாலேயே சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பறி ஒன்று. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். நாங்கள் போய் நின்றபோது ஒரு பெண் அப்படித்தான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தாள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பெயர் கன்னியம்மா.

“மேல இன்னா காயம்?” என்று அக்கா கேட்டார். கன்னியம்மாவின் தோளில் நீளமாக ஒரு காயம், இன்னும் ஆறாமல் இருந்தது.

“கழியால குத்துனாங்கம்மா. நாங்க தடவுனா தண்ணி கலங்குதாம், வலையில எறால் வுழாதாம்.”

“யாரு குத்துனது? எந்த ஊரு?”

கன்னியம்மா பறியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “உங்க ஊரு தாம்மா” என்றாள்.

எனக்கு ஜீப்புக்குப் போய்விடலாம் போலிருந்தது. அக்கா கிட்டே போய் அந்தக் காயத்தைப் பார்த்தார். “இனிமே ஒருத்தனும் உங்கள ஏரியிலேர்ந்து அடிச்சிக் கரையேத்தமாட்டான். நான் சொல்றேன்” என்றார். குடிசை வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். போச்சு, சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏரியில் நல்ல இறால் ஓடுகிற இடங்கள் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே யார் எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கு வருஷா வருஷம் கோயிலில் சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான் பாடு. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் பாடு போய்விடும். பாடு போனால் அந்த வீட்டுக்காரன் வலையைச் சுருட்டிப் பரணில் வைக்கவேண்டியதுதான். அதோடு முடியாது. அந்த வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல், நல்லது கெட்டது எதுவும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பாடு இருந்தது. ரொம்பப் பேசாத மனுஷன். வீட்டிலிருந்த பேச்சையெல்லாம் அக்கா எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் கிடைக்கவில்லை என்று நான் கேலி பண்ணுவேன், சிரிப்பார். அவ்வளவுதான்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காரக்கூடாது என்று ஒரு வழக்கம். சட்டசபையில் உட்கார்ந்து மந்திரியோடு மல்லுக்கு நின்ற அக்காவுக்கும் தன் சொந்த ஊர்க் கோயில் வாசலில் இடம் கிடையாது. அவர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், ஊர் கூடியிருந்தபோது என்னிடம், “ஜீப்ப ரிவர்ஸ்ல எடுத்து கூட்டத்துக்குள்ள வுடு” என்றார்.

“அக்கா, ஒதப்பாங்க.”

“பொம்பள ஒக்காரக்கூடாதுனுதான் சட்டம். ஜீப்புல ஒக்காரக்கூடாதுனு எவனும் சொல்லல.”

வழக்கமாக அந்த ஊருக்கு வந்தால் ஒல்லாந்துக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கல்லறைத் தோட்டத்துச் சுவர் நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்குவேன். அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த எலும்புக்கூடுகளோடு இருப்பதே மேல் என்று தோன்றியது. வேறு வழியில்லாமல் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போனேன். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். அக்கா பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

ஊர்ப் பெரியவருக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. “ஒல்லாந்துக்காரன் கோட்ட கட்ட வந்தப்பவே இந்தத் தண்ணி எங்க பாடுதாம்மா. நடுவுல வந்தவங்களுக்கு இன்னா பாத்யத?” என்றார்.

“அந்தக் கோட்டைக்கு சுண்ணாம்பு எதுல சுட்டாங்க பெரியவரே? ஏரிக் கிளிஞ்சல்ல. கிளிஞ்சல சேத்துல தடவி எடுத்தது யாரு? நீங்களா, உங்க பாட்டனா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஆள் ஒருவர், “அதானே” என்று வேறு சொல்லிவிட்டார். பெரியவர் விடவில்லை. “சரிம்மா. எது அவங்களுது, எது நம்முளுது? தண்ணியில கோடு போடுவியா?”

அக்கா யோசிக்கவே இல்லை. “முழங்கால் தண்ணி வரைக்கும் அவங்களுது. அதுக்கு மேல நம்முளுது.”

இவ்வளவு சுலபமாக ஊர் ஒத்துக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, அப்படியே ஆகட்டும் என்று பெரியவரே தலையாட்டினார். காரணம் இருந்தது. மழைக்காலம். ஏரி தளும்பிக் கோயில் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரையிலிருந்து நாலு எட்டு வைத்தாலே இடுப்பளவு ஆழம். முழங்கால் தண்ணீர் என்பது ஒரு சந்து அகலம்கூட இல்லை. அதைக் கொடுத்துவிட்டு எம்.எல்.ஏ. வாயை அடைத்ததில் அவர்களுக்குச் சந்தோஷம். சண்டை தீர்ந்ததில் அக்காவுக்குச் சந்தோஷம். தாசில்தார் முன்னால் அதையே சொன்னார். பொன்னேரிக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார். போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல் ஒரு தகராறைத் தீர்த்தோம் என்று சட்டசபையிலும் சொல்லிவிட்டு வந்தார்.

அத்தனை பேரும் அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முகத்துவாரம் தூர்கிறது என்று சட்டசபை வரைக்கும் போய்க் கத்தினவர் அக்கா. ஆனால் கோடையில் தண்ணீர் வற்றும் என்பது அன்றைக்கு ஒருத்தர் புத்தியிலும் வரவில்லை. நெல் விளைகிற ஊர்க்காரன் எனக்கும்தான் வரவில்லை, என்னை விடுங்கள்.

பங்குனி பிறந்தது. முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இருந்த தண்ணீரை வெயில் குடித்தது. ஏரி நாளுக்கு நாள் இறங்கியது. கன்னியம்மாவின் ஜனங்கள் அக்கா சொன்ன சொல்லைத் துளிகூட மீறவில்லை. முழங்கால் தண்ணீர் எங்கே போனதோ அதன் கூடவே அவர்களும் போனார்கள். முதலில் கரையோரம், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு நடு ஏரி. சித்திரையில் ஒருநாள் வலைக்காரர்கள் வந்து பார்த்தால், பாடு போடுகிற இடத்திலேயே தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. கன்னியம்மாவும் மற்றவர்களும் வாயில் பறியைக் கடித்துக்கொண்டு அங்கே தடவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வலை போடும் முறை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அக்காவின் வீட்டுக்காரருடையது.

அவர் சண்டை போடவில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் எம்.எல்.ஏ. ஏரிக்கு வரவேண்டும், பாடு போடுகிற இடத்திலேயே நின்று, எல்லார் முன்னாலும் முழங்கால் தண்ணீர்ப் பேச்சை வாபஸ் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் பாடு கிடையாது. அதோடு, தண்ணீரில் இருக்கிறவர்களைக் கழியால் அடித்துக் கரையேற்றுவோம் என்று ஊரில் தீர்மானம் ஆயிற்று.

மறுநாள் காலை அக்கா ஜீப்பில் ஏறினார். கையில் முறுக்கு இல்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல், “இன்னாக்கா பண்ணப் போற?” என்றேன்.

“சொன்னது சொன்னதுதான்.”

“அண்ணனுக்குப் பாடு போயிடும்.”

“போவட்டும்.”

அந்த ‘போவட்டும்’ சொல்லும்போது தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கவனிக்காத மாதிரி ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கரையில் இருந்தே எல்லாம் தெரிந்தது. ஒரு பக்கம் அக்கா ஊர் ஆண்கள் எல்லாரும் படகு தள்ளுகிற கழிகளோடு நின்றார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் கழியோடு அவர்களுக்கு நடுவில் நின்றார். எதிர்ப்பக்கம் கன்னியம்மாவின் ஜனம், ஆணும் பெண்ணும். அவர்கள் ஆண்கள் கையிலும் அன்றைக்குத் தடி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வெறும் தண்ணீர். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அக்கா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கரையில் தனியாக நிற்கப் பயந்து நானும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். நடு இடத்துக்குப் போனதும் கன்னியம்மா எதிரே வந்தாள். அவள் அக்காவிடம் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது. அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

“வாபஸ் வாங்கிக்கம்மா.”

அக்காவுக்குப் புரியவில்லை. “இன்னாது?”

“உன் சொல்லு பெருசுதாம்மா. நீ இப்ப ஜீப்ல ஏறிப் போயிடுவ. நாளைக்கும் நாங்க இதே தண்ணியில இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும். எங்களுக்கு ஏரி மொத்தமும் வேணாம். ஒதையில்லாம பொறுக்கித் தின்ன ஒரு எடம் போதும்.” அவள் பின்னால் திரும்பித் தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க ஆம்பளைங்க இன்னிக்கு ஒரு கை பாத்துர்லாம்னு நிக்கிறாங்க. ரெண்டு பொணம் வுழும். அது எங்களுதாத்தான் இருக்கும். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாத தாயி. காட்டிக் குடுத்துட்டேன்னு என்னச் சேத்துக்கமாட்டாங்க.”

அக்கா நின்றுகொண்டே இருந்தார். அத்தனை வருஷமாக அவரைப் பார்த்திருக்கிறேன், என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்காரரின் பாடு முறையை இழக்க அவர் துணிந்துதான் வந்திருந்தார். தன் சொல்லை இழக்கும்படி கன்னியம்மாவே கேட்பாள் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஊர்ப் பெரியவர் பொறுமையிழந்து, “இன்னாம்மா, பேச்சக் காணோம்?” என்று கத்தினார். இரண்டு பேர் கழியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். எதிர்ப்பக்கமும் ஆட்கள் அசைந்தார்கள். தண்ணீர் சலசலக்க ஆரம்பித்தது. நான் அக்காவின் செருப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

“வாபஸ் வாங்கிக்கிறேன்” என்று அக்காவின் குரல் கேட்டது. “முழங்கால் தண்ணினு நான் சொன்னது தப்பு.”

ஒரு நிமிஷம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு அக்கா ஊர்ப் பக்கத்தில் ஒருவன் விசிலடித்தான். பெரியவர், “அப்டி வா வழிக்கு. சட்டசபையில முடியாதுன்ன, இங்க முடிஞ்சிச்சா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார்.

“இன்னும் நான் முடிக்கல பெரியவரே. தண்ணி ஏறும், எறங்கும். அத வச்சிப் பேசுனது என் புத்தி கெட்டதனம். கழி ஏறாது, எறங்காது. அதோ அந்த மணல் திட்டுலேர்ந்து கர வரைக்கும் கழி நடுங்க. அதுக்கு உள்ள மழையானாலும் வெயிலானாலும் ஒரு வலையும் வரக்கூடாது. நான் என் சொல்ல வுட்டுக் குடுத்துட்டேன். நீங்க இந்தத் துண்டு எடத்த வுட்டுக் குடுங்க.”

ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தவர்களுக்கு மறுக்க வாய் வரவில்லை. ஆனாலும் யாரும் முதலில் நகரவில்லை. அப்போது அக்காவின் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். அக்கா காட்டிய திட்டு வரைக்கும் நடந்து போய், அடிக்கக் கொண்டுவந்த கழியை இரண்டு கையாலும் சேற்றில் இறக்கினார். அப்புறம் இன்னொருவர் போனார். வெயில் ஏறுவதற்குள் ஒரு வரிசைக் கழி நின்றது. அந்த இடத்தில் அதற்குப் பிறகு யாரும் அடி வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் கன்னியம்மாவின் ஆட்கள் அன்றைக்குச் சந்தோஷமாகத் திரும்பவில்லை. முழங்கால் தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் எங்களுக்குச் சொந்தமென்று சொன்ன வாய், இப்போது மூலையில் ஒரு துண்டைக் காட்டுகிறதே என்று அவர்களுக்கு ஆத்திரம். “என்னா இருந்தாலும் அந்த ஊர்க்காரிதான” என்று ஒருவன் தண்ணீரில் காறித் துப்பிவிட்டுப் போனான். கன்னியம்மா திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு நடந்தாள்.

அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்களுக்குச் சுவரொட்டி எழுத யோசனையே தேவைப்படவில்லை. ‘வாபஸ்’ என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஜீப் போகிற வழியெல்லாம் பிள்ளைகள், “வாபஸ்! வாபஸ்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். வாபஸ் வாங்காதவர் என்பதற்காகவே அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்தான் அவர்கள் எல்லாரும். மந்திரிக்குப் பயப்படாதவர் புருஷன் சம்பாத்தியத்துக்குப் பயந்துவிட்டார் என்று டீக்கடையில் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சொல்லிடுக்கா” என்றேன் ஒருநாள், வண்டி ஓட்டிக்கொண்டே. “கன்னியம்மா கேட்டதாலதான்னு ஒரு வார்த்த சொல்லிடு. எல்லாம் மாறிடும். நான் சாட்சி சொல்றேன்.”

“வண்டிய நிறுத்து.”

நிறுத்தினேன்.

“அன்னிக்கு நீ எங்க இருந்த?”

“தண்ணியில, உன் பின்னாடிதான்.”

“இல்ல. நீ ஜீப்ல இருந்த” என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஜீப்ல இருந்தவனுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. ஓட்டு.”

நானும் இத்தனை காலம் ஜீப்பில் இருந்தவனாகத்தான் இருந்தேன். இப்போது கன்னியம்மாவும் இல்லை, அவளைச் சேர்க்கமாட்டோம் என்று சொல்லக்கூடியவர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா அந்தத் தேர்தலில் தோற்றார். நான் சொல்லவேண்டியது அதைப் பற்றி இல்லை, அதற்கு இரண்டு நாள் முந்திய சாயங்காலத்தைப் பற்றி. கன்னியம்மாவின் குடியிருப்புக்கு ஓட்டுக் கேட்கப் போயிருந்தோம். போகவேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. ஜனம் வந்து மண்ணில் உட்கார்ந்தது, ஆனால் ஒரு முகமும் மலரவில்லை. கன்னியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஜீப்பின் மேல் நின்று மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவதற்குள், அன்று தண்ணீரில் காறித் துப்பினவன் எழுந்தான்.

“ஓட்டு அப்புறம் கேளு. அன்னிக்கு ஏன் எங்கள வுட்டுட்டு உங்க ஊரு பக்கம் சாஞ்ச? அதச் சொல்லிட்டுக் கேளு.”

“சொல்லு, சொல்லு” என்று நாலு பக்கமிருந்தும் குரல்கள். சிலர் எழுந்து ஜீப்பை நெருங்கினார்கள். ஒருவன் பானெட்டைக் கையால் ஓங்கி அறைந்தான். சாவி மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கன்னியம்மா மெல்ல எழுந்துகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பேசப் போகிறாள் என்று அவள் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. அவள் வாய் திறந்தால் எல்லாம் தீர்ந்துவிடும், சீக்கிரம் சொல்லு தாயி என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அக்காவும் அவளைப் பார்த்துவிட்டார்.

“பயந்துட்டேன்” என்றார் மைக்கில். அவ்வளவு சத்தமாக அவர் எந்தக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை. “ஆமா, பயந்துதான் வாபஸ் வாங்கினேன். எம் புருசன் பாடு போயிடும்னு பயந்துட்டேன். ஊர வுட்டுத் தள்ளிடுவாங்கன்னு பயந்துட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல. யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

பானெட்டை அறைந்தவன் கையை எடுத்துக்கொண்டான். யாரோ ஒரு பெண், “த்தூ” என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் குனிந்துகொண்டேன். கன்னியம்மா மட்டும் நடுக்கூட்டத்தில் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா நிக்கிற?” என்று அக்கா அவளைப் பார்த்துக் கேட்டார். குரல் இப்போது தணிந்திருந்தது. “ஒக்காரு. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது பாரு.”

கன்னியம்மா உட்கார்ந்தாள்.